முடிவு பிடிக்காதபோது என்ன செய்கிறார்கள்?

எங்கள் அலுவலகத்தின் விளையாட்டுக் குழுச் செயலாளர் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. மைதானத்துக்கு முற்பணம் கட்டுவது, பந்து வாங்குவது, ரீசேட்டில் பெயர்களை எழுத்துப் பிழையில்லாமல் அச்சிடுவிப்பது, மழை பெய்தால் சாப்பாட்டுக்காரரிடம் கெஞ்சுவது என்று எல்லாம் ஒரே தலையில்தான் விழும். கணக்குப் பிரிவில் இருப்பவன் சில்லறையை ஏப்பம் விடமாட்டான் என்ற நம்பிக்கையில் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதன்பிறகு யாரும் திரும்பக் கேட்கவில்லை.

கொழும்பில் நடுத்தரமான ஒரு நிறுவனம் என்றால் அதற்குள் முழு இலங்கையும் இருக்கும். நான் வடமராட்சிக்காரன். எனக்கு அடுத்த மேசையில் ஹட்டன் தோட்டப் பக்கத்துத் தம்பி. களஞ்சியப் பொறுப்பில் கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் நானா. விற்பனைப் பிரிவில் மாத்தறையிலிருந்து வந்த சிங்கள அய்யே, அதாவது அண்ணன். வரவேற்பில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க அக்கா. இவர்களை ஓர் அணியாக்கி மைதானத்தில் இறக்கிப் பார்த்து வந்ததில், விளையாட்டையும் சனங்களின் குணத்தையும் பற்றிச் சிலதைக் கற்றுக்கொண்டேன்.

துடுப்பாட்டம் பொறுமைசாலிகளின் ஆட்டம், உதைபந்து ஏழைகளின் ஆட்டம், ரக்பி முரடர்களின் ஆட்டம் என்று பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம்ப முடியாது. ஆட்டத்தின் விதிகள் லண்டனிலும் கொழும்பிலும் ஒன்றுதான். ஒரு முடிவு தங்களுக்குப் பாதகமாக வந்த கணத்தில் யார் பேசுகிறார்கள், யார் வாய்மூடுகிறார்கள், யார் சொன்னால் அடங்குகிறார்கள் என்பதில்தான் ஊர் தெரியும். நான் பார்ப்பது அந்தக் கணத்தைத்தான்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஞாயிறு காலையில் நடக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாகனங்கள் பெருகி இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் அடியோடு அழியவில்லை. நிலத்தில் படாமல் மதிலைத் தாண்டினால் ஆட்டமிழப்பு. ஒருமுறை நிலத்தில் பட்டு எழும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் ஆட்டமிழப்பு. வீட்டுக்குள் போன பந்தை அடித்தவனே போய்க் கேட்டு வாங்கவேண்டும், அந்த வீட்டு மாமியின் வசவும் அவனுக்கே. இதில் வேடிக்கை என்னவென்றால், நடுவர் துடுப்பெடுத்தாடும் அணியைச் சேர்ந்தவர். அடுத்து ஆட இறங்கவிருப்பவனே தன் நண்பன் ஆட்டமிழந்தானா என்று தீர்ப்புச் சொல்கிறான். இது நடக்கிற காரியமா என்றால், நடக்கிறது. அடுத்த ஞாயிறும் இதே முகங்கள் வந்தால்தான் ஆட்டம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் சந்தேகமான பந்துக்குத் தீர்ப்பு வராது, பேரம் வரும். "சரி, அந்தப் பந்தைத் திரும்பப் போடு" என்ற ஒரு வாக்கியத்தில் ஒழுங்கை மறுபடி அமைதியாகும்.

துடுப்பாட்டமே இந்தப் பேரத்துக்கு இடம் கொடுக்கிற ஆட்டம் என்பது என் எண்ணம். எதிரணி முறையிடாவிட்டால் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்கக்கூடாது என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறது. முறையிட்ட பிறகும் நடுவரின் சம்மதத்தோடு அணித்தலைவர் அதைத் திரும்பப் பெறலாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்டதை விட்டுக்கொடுக்கவும் முடியும். கந்தோரில் கோப்பு ஒன்றை நகர்த்திப் பார்த்த எவருக்கும் இது பழகிய உலகம்.

பெரிய பாடசாலைகளின் ஆட்டங்களுக்குப் போனால் இதே குணம் கோட்டும் சூட்டும் போட்டு நிற்கும். றோயல், சென். தோமஸ் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. 1885ஆம் ஆண்டு ஆட்டத்தில் றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆட்டம் முறையாக முடியவில்லை. தோமியர்கள் அதைத் தங்கள் வெற்றிக் கணக்கில் எழுதினார்கள், றோயல்காரர்கள் சமநிலை என்று எழுதினார்கள். இன்றுவரை இரண்டு பக்கமும் தத்தம் கணக்கையே வைத்திருக்கின்றன. மார்ச் மாதத்தில் பப்பரே வாத்தியம் முழங்க, வெள்ளைத் தலையர்கள் பாடசாலைக் கழுத்துப்பட்டியோடு ஆடுவதைப் பார்க்கும்போது, அந்தக் கணக்கைத் தீர்த்துவைக்க யாருக்கும் உண்மையில் ஆசை இல்லை என்று தோன்றும். தீர்ந்துவிட்டால் எதைப் பேசுவது?

கொழும்பில் ஒருவரை அறிமுகம் செய்தால் பெயருக்கு அடுத்த கேள்வி "எந்தப் பாடசாலை?" என்பதுதான். அணி சேர்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. பெரிய பாடசாலைப் பழைய மாணவர்கள் இருவரைத் தலைவர், உபதலைவர் என்று போட்டுவிட்டால் மற்றவர்கள் அவர்களுடைய கதைக்குப் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் மென்பந்துத் துடுப்பாட்ட அணிக்குத் தலைவர் ஹட்டன் தம்பிதான். தேயிலை மலைச் சரிவில், உருண்டால் பள்ளத்தாக்குக்கே போய்விடும் பந்தை மறித்துப் பழகியவன். அவன் படித்த தோட்டப் பாடசாலையின் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவன் சொல்வதில் யாரும் பழைய கணக்குப் பார்ப்பதில்லை.

பொரளைப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் நடந்த ஓர் அரையிறுதி ஞாபகம் இருக்கிறது. பந்து விக்கெட்டைத் தட்டியபோது மாத்தறை அய்யேயின் துடுப்பு கோட்டுக்கு வெளியே புழுதியில் நின்றது. பக்கத்து நடுவராக நின்றவர் எங்கள் நானா. சொந்த அணிக்காரனுக்கு எதிராக விரலை உயர்த்தினார். அய்யே நகரவில்லை. துடுப்பைக் கோட்டுக்குள் ஊன்றிக்கொண்டு, அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்ததுபோல நானாவைப் பார்த்தார். எதிரணியினர் நெருங்கினார்கள். நானா ஒன்றும் பேசாமல் குனிந்து, கோட்டுக்கு ஒரு சாண் வெளியே துடுப்பு கீறியிருந்த தடத்தின்மேல் தன் தொப்பியை வைத்தார். அய்யே தொப்பியைப் பார்த்தார். "ஹரி, யமு" (சரி, போவோம்) என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையுறையைக் கழற்றினார். பிளேன்டீ குடிக்கும்போது அந்தத் தொப்பியை அய்யேதான் தலையில் போட்டிருந்தார். உங்கள் போட்டிக்கு நடுவர் வெளியிலிருந்து கிடைக்காவிட்டால், விதி அதிகம் தெரிந்தவரைத் தேடவேண்டாம். சொந்தக்காரனுக்கு எதிராகக் கையைத் தூக்கத் தயங்காத ஒருவரைத் தேடுங்கள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் பதவியில் சிறியவராகவே இருப்பார்.

எங்கள் ஊரில் கிளித்தட்டு ஆடும்போது நடுவர் என்றே ஒருவர் கிடையாது. மண்ணில் கோடு கிழித்து, தட்டுத் தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் மறிக்க, நடுக்கோட்டில் 'கிளி' எனப்படுபவர் ஓடுவார். மறிப்பவர் கை படாமல் எல்லாத் தட்டையும் கடந்து போய்த் திரும்பி வரவேண்டும். தொட்டதா இல்லையா என்பதிலேயே சண்டை. "அம்மாவாணை தொடவில்லை" என்று ஒருவன் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவனை ஊர் மறக்காது. வேப்பமர நிழலில் இருக்கும் பெரியவர் கண்ணால் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். இதைக் கொழும்பில் செய்துபார்க்க முடியாது. சத்தியம் செல்லுபடியாக, சத்தியம் செய்தவனின் அம்மாவை எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு அலுவலகத்தில் எல்லே ஆடுவோம். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும், ஓடுபவரின் உடம்பில் பந்தால் எறிந்தால் அவர் ஆட்டமிழப்பார். சிங்களக் கிராமங்களின் ஆட்டம். அதிலும் சண்டை பட்டதா படவில்லையா என்பதுதான். மாத்தறை அய்யேயும் நானும் இதைப் பேசிச் சிரித்திருக்கிறோம். தெற்கிலும் வடக்கிலும் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட ஆட்டங்களில் தொடுகைதான் குற்றம். எங்கள் ஊரில் பட்டவன் வாய்தான் சாட்சி. அவர் ஊரில் சத்தியம் கேட்பதில்லை. சட்டையில் பந்தின் புழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். புத்தாண்டு விழாவுக்கு வெள்ளை ரீசேட் கொடுங்கள் என்பது அவர் சொன்ன ஆலோசனை, நல்ல ஆலோசனை.

ரக்பி வேறு சாதி. நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசலாம், அதுவும் 'சேர்' போட்டு. மற்றவன் வாய் திறந்தால் தண்டம் பத்து மீற்றர் முன்னே நகரும். தேயிலைத் தோட்டத் துரைமார் மலைநாட்டில் வளர்த்த ஆட்டம் இது, பின்னர் பாடசாலைகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. றோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிறட்பி கேடயத்துக்கு 1945 முதல் வரலாறு இருக்கிறது. களத்துக்குள்ளே மூக்குடைந்த பையன்கூட நடுவரின் முகத்துக்கு நேரே முறைக்கமாட்டான். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள். கனவான்களாக வந்த அப்பாமார் நடுவரின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பையன்கள் விழுங்கிய கோபத்தையும் சேர்த்துப் பெற்றோர் துப்புகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். களத்தில் இருப்பது இரவல் வாங்கிய ஒழுக்கம், அரங்கில் இருப்பதுதான் சொந்தக் கொழும்பு. பிள்ளையை ரக்பிக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: அனுப்புங்கள், ஆனால் பார்க்கப் போகும்போது வாய்க்குள் ஒரு இனிப்பை அடக்கிக்கொள்ளுங்கள்.

உதைபந்தில் யாரும் எதையும் விழுங்குவதில்லை. கொம்பனித்தெருவும் கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் கழகம் வைத்து வளர்த்த ஆட்டம் அது. ஜாவா லேன், சோண்டர்ஸ் என்று பெயர் சொன்னாலே நானாவின் முகம் மலரும். 1995இல் தெற்காசியக் கிண்ண இறுதியில் இலங்கை இந்தியாவை வென்றது இதே கொழும்பில்தான். நேற்று நடந்ததுபோல நானா அதைச் சொல்வார், இத்தனைக்கும் நாட்டில் பாதிப் பேருக்கு அது நடந்ததே தெரியாது. நடுவர் ஊதினால் பதினொரு பேரும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். கையை விரிப்பது, நெஞ்சில் அடிப்பது, மேலே பார்த்து முறையிடுவது என்று ஒரு நாடகமே நடக்கும். அதற்குப் பயந்து ஒரு வருடம் உதைபந்தே வேண்டாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். நானா ஒரு விளக்கம் கொடுத்தார்: "கத்தி முடித்தவன் வீட்டுக்கு எதையும் கொண்டுபோகமாட்டான், தம்பி." உண்மைதான். துடுப்பாட்டத்தில் கிடைத்த ஒரு தவறான தீர்ப்பை எங்கள் ஆட்கள் ஆறு மாதம் மின்னஞ்சலில் பேசுவார்கள். உதைபந்துச் சண்டை கொத்துரொட்டிக் கடை வாசலோடு முடிந்துவிடும்.

இந்த நாட்டுக்காரர்கள் ஒரு நடுவரோடு பட்ட மிகப் பெரிய தகராறு இங்கே நடக்கவில்லை. 1999 ஜனவரி 23, அடிலெய்ட், இங்கிலாந்துக்கு எதிரான துடுப்பாட்டம். முத்தையா முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று சொல்லி நடுவர் ரொஸ் எமர்சன் முறையற்ற பந்து என்று கை நீட்டினார். இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் நண்பர்களோடு இருந்தேன். போர்க் காலம் அது, வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பால் வாங்கவும் போவோம். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. அப்படிப்பட்ட நாளில், லொட்ஜ் வரவேற்பறைத் தொலைக்காட்சியில், ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக நடுவரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். எங்களில் ஒருவன் கைதட்டினான். இன்னொருவன், "வெளியே வந்தால் இதே விரல் அடையாள அட்டை கேட்கும்" என்றான். இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. இங்கிலாந்து எடுத்த 302ஐத் துரத்தி இலங்கை ஒரு விக்கெட் மீதமிருக்க வென்றபோது கைதட்டாதவனும் எழுந்து நின்றான்.

விளையாட்டு இனங்களை ஒன்றாக்கும் என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். கொழும்பின் பழைய துடுப்பாட்டக் கழகங்களின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர் என்று தனித்தனிக் கழகம். தமிழ் யூனியன் 1899இல் தொடங்கியது. பொரளைக்கு அருகிலுள்ள அதன் சரவணமுத்து மைதானத்தில்தான் 1982இல் இலங்கை தனது முதல் டெஸ்டை ஆடியது, 1985இல் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். முரளி அந்தக் கழகத்துக்காக ஆடியவர். இன்று அங்கே யாரும் இனம் கேட்டு ஆள் சேர்ப்பதில்லை, பெயர்ப் பலகையை மாற்றவுமில்லை. எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது.

பெண்கள் அணியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வலைப்பந்தாட்டத்தில் நடுவர் ஊதியதும் பந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்வார்கள், முணுமுணுப்புக் கூடக் கேட்காது. அடங்கிப் போகிறார்கள் என்று எங்கள் ஆண்கள் நினைத்திருந்தார்கள். ஒரு போட்டி முடிந்த திங்கட்கிழமை கொட்டாஞ்சேனை அக்கா என் மேசையில் ஒரு கடிதம் வைத்தார். உடைமாற்ற அறையில்லை, இறுதிப் போட்டி இருட்டும் நேரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது, வீட்டுக்குப் போக வாகனமில்லை, பரிசுத் தொகை ஆண்களுடையதில் பாதி என்று வரிசையாக எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டிருந்தார்கள். நடுவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர்களுடைய தகராறு நடுவரோடு இல்லை என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் விளங்கிக்கொண்டது. போர் முடிந்த அதே 2009இலும் பிறகு 2018இலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது கோல்களைக் குவித்தவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குல உயரம். அவருடைய படத்தை அக்கா தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். பெண்கள் போட்டி வைக்க நினைப்பவர்கள் கிண்ணத்துக்கு முன்னால் வாகனத்துக்குக் காசு ஒதுக்குங்கள். மாலை ஐந்து மணிக்கு முன் முடிகிற அட்டவணை போட்டால் அணிகளின் எண்ணிக்கை தானாகக் கூடும்.

அட்டவணை போடுவது பற்றி இன்னும் கொஞ்சம். ஞாயிறு காலை என்றால் கத்தோலிக்கருக்குப் பூசை, பௌத்தப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் தகம் (அறநெறி) பாடசாலை. வெள்ளி மதியம் ஜும்மா. நோன்பு மாதத்தில் பகல் போட்டி வைப்பது கொடுமை. அந்த மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் உதைபந்து வைத்தால் நோன்பு பிடிக்காதவர்களும் வருவார்கள். போயா தினம் எல்லாருக்கும் விடுமுறை, ஆனால் அன்று எல்லா நிறுவனமும் மைதானம் கேட்கும், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை சொல்லிவைத்ததுபோல் வரும், இறுதிப் போட்டியை மதியத்துக்கு முன் முடியுங்கள். சாப்பாட்டுப் பார்சலில் மாட்டிறைச்சி வேண்டாம், கோழி என்றால் ஹலால், மரக்கறிப் பார்சலை எப்போதும் கேட்டதைவிடக் கூட எடுங்கள். விரதகாரர்கள் கடைசி நேரத்தில்தான் ஞாபகப்படுத்துவார்கள். நானும் அதில் ஒருவன்.

விதித்தாளை மூன்று மொழியிலும் அடித்துக் கையில் கொடுப்பது அவசியம். ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தால் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் பக்கமே தீர்ப்புச் சாயும். அணித்தலைவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம் என்ற ரக்பி விதியை எல்லா ஆட்டத்துக்கும் கடன் வாங்கியிருக்கிறோம். உதைபந்துக்காரர்களுக்கு மட்டும் அரை நிமிடம் கத்த அனுமதி உண்டு, எழுதப்படாத அனுமதி.

விதி எழுதியிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில், தலைக்கவசத்தின் பட்டி அறுந்து தாமதமானதால் இலங்கையின் அஞ்சலோ மத்தியூஸ் ஒரு பந்துகூட ஆடாமல் நேரம் கடந்ததாக ஆட்டமிழந்தார். சர்வதேச ஆட்டத்தில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள். மறுநாள் எங்கள் சிற்றுண்டிச்சாலை இரண்டாகப் பிரிந்தது, இனத்தாலும் இல்லை, பதவியாலும் இல்லை. ரக்பி ஆடியவர்கள், "சட்டத்தில் இருக்கிறது, பங்களாதேஷ் தலைவர் ஷகிப் கேட்டார், முடிந்தது" என்றார்கள். ஒழுங்கையில் துடுப்பெடுத்து வளர்ந்தவர்கள், "கேட்டதைத் திரும்பப் பெற்றிருக்கலாமே" என்று பிடிவாதமாக நின்றார்கள். ஹட்டன் தம்பி மட்டும் பட்டி ஏன் அறுந்தது, எந்தக் கடைக் கவசம் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த போட்டியிலிருந்து முறைப்பாட்டுக் கட்டணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தோம். பெரிய போட்டிகளில் வழக்கமாக இருப்பதுதான். தீர்ப்பை எதிர்ப்பவர்கள் எழுத்தில் கொடுத்து, பணமும் கட்டவேண்டும். முறைப்பாடு சரியென்றால் பணம் திரும்பும், பிழையென்றால் அன்று மாலை எல்லாருக்கும் ஐஸ்கிரீம். மின்னஞ்சல் சண்டை அடியோடு நின்றது. உதைபந்துக்காரர்கள் ஒருநாளும் கட்டவில்லை, வாயால் இலவசமாகக் கத்த முடியும்போது எதற்குக் காசு என்று கேட்கிறார்கள். மென்பந்துக்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். இப்போதெல்லாம் சந்தேகமான ஒரு தீர்ப்பு வந்தால், எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அணியிடமிருந்து குரல் எழும்புகிறது: "விடாதீர்கள் அண்ணை, முறைப்பாடு போடுங்கள், வெயில் பயங்கரமாக இருக்கிறது!"